எட்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர், ஐந்து மணி நேரம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று மழையும் இல்லை, வெயிலும் இல்லை. துவைத்துப் போட்ட சட்டை காயவில்லை.

மேலே இருப்பதை எழுதக் கால் மணி நேரம் ஆயிற்று. போன மாதமாக இருந்தால் அதற்குள் சட்டையே காய்ந்திருக்கும்.

டீச்சர் தினமும் ஏதாவது எழுதச் சொல்லியிருக்கிறார். "என்னத்த எழுதுறது டீச்சர்?" என்று கேட்டேன். "யாருகிட்டயும் சொல்ல முடியாததை எழுதுங்க ஐயா" என்றார். எனக்கு அப்படி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. எழுபத்தொரு வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். அது வீட்டுக்காரிக்குத் தெரியாது.

அவள் அக்டோபரில் மகளின் பிரசவத்துக்காக விமானம் ஏறிப் போனாள். நாற்பத்து நான்கு வருடமாக என் கண் அவள்தான். கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் அவள் படிப்பாள், நான் தலையாட்டுவேன். அவள் போன மறுவாரம், பற்பசை என்று நினைத்து முகத்தில் பூசுகிற எதையோ எடுத்துப் பல் தேய்த்துவிட்டேன். இரண்டு நாள் வாயெல்லாம் ரோஜாப்பூ வாசம். மூன்றாம் நாள் நூலக மாடியில் நடக்கிற மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தேன்.

கை வலிக்கிறது. போதும்.

மார்ச் 5, வியாழன்

வகுப்பில் பதினோரு பேர். என் பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவர் பேப்பர்காரர். முப்பது வருடம் வீடு வீடாகப் பேப்பர் போட்ட மனிதர், ஒரு வரி படித்ததில்லை. "ஊருக்கே சேதி கொண்டு போனேன் அண்ணே, எனக்குத்தான் ஒரு சேதியும் தெரியாது" என்பார். இப்போது பழைய பேப்பர்களை எல்லாம் பரண்மேலிருந்து இறக்கி, வரிசையாகப் படித்துக்கொண்டு வருகிறாராம். பதினைந்து வருடத்துக்கு முந்தைய தேர்தல் முடிவை நேற்று என்னிடம் பரபரப்பாகச் சொன்னார்.

டீச்சர் பகலில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறார். டாக்டர்கள் கையெழுத்தையே படிக்கிறவருக்கு எங்கள் கையெழுத்து தூசு.

நம் எழுத்து முடிந்து இப்போது அந்த இருபத்தாறு ஆங்கில எழுத்து நடக்கிறது. இருநூற்று நாற்பத்தேழு மாடி ஏறி வந்தவனுக்கு இருபத்தாறு மாடி எம்மாத்திரம்?

மாடி என்றதும் நினைவு வருகிறது. நான் யார் என்றே இன்னும் எழுதவில்லை. முப்பத்தொரு வருடம் ஒரு பன்னிரண்டு மாடி ஓட்டலில் லிஃப்ட் ஓட்டினேன். எண் தெரியும், எழுத்து தெரியாது. லிஃப்ட்டுக்கு எண் போதும்.

மார்ச் 9, திங்கள்

மகள் எனக்கும் டிக்கெட் போட்டுவிட்டாள். இருபத்தாறாம் தேதி. மூன்று மாதம் இருந்துவிட்டு, வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். பேத்திக்கு ஐந்து மாதம் ஆகிறது. போனில் பார்த்தால் என் மூக்கு.

மகளை நாங்கள் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பாப்பாவுக்கு முப்பத்தாறு வயது. அவள் சொன்னாள்: "சக்கர நாற்காலிக்குச் சொல்லியிருக்கேன்ப்பா. ஏர்போர்ட்ல அவங்களே தள்ளிட்டுப் போய் சீட்ல உட்கார வச்சிருவாங்க. நீங்க ஒரு போர்டையும் படிக்க வேண்டியதில்ல."

"என் முழங்காலுக்கு என்ன கேடு?"

"முழங்காலுக்கு இல்லப்பா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். நல்ல பெண். அந்த வாக்கியத்தின் மிச்சத்தை நானே முடித்துக்கொண்டேன்.

அக்டோபரிலும் இதுதான் நடந்தது. சேர்ந்து போகலாம் என்று இருவரும் எவ்வளவோ கெஞ்சினார்கள். முழங்கால் வலி என்று சொல்லித் தப்பித்தேன். போகிற இடமெல்லாம் போர்டு, கையில் படிவம், பின்னால் வரிசை. அத்தனை பேர் முன்னால் வீட்டுக்காரி முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமே என்பதுதான் வலி.

இந்த முறை நடந்தே போவேன். ஒவ்வொரு போர்டையும் படிப்பேன். அங்கே போய் அவள் முன்னால் எதையாவது எடுத்து கடகடவென்று வாசிப்பேன். அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு ஆசைதான் என்னை நான்கு மாதமாக மாடிப்படி ஏற வைக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

டிக்கெட் கடையில் போய்த் தாளை வாங்கி வந்தேன். எழுத்துக் கூட்டி நானே படித்தேன். இரண்டு ஊரின் பெயர். தூரம் 8,200 கிலோமீட்டர். நடுவில் ஒரு வரி கடைக்காரரின் ஊதா முத்திரைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. மிச்சமெல்லாம் தெளிவு.

எட்டாயிரத்து இருநூறு! முதலில் மலைத்துப் போனேன். அப்புறம் கணக்குப் போட்டேன். என் லிஃப்ட் ஒரு தடவை மேலே போய்க் கீழே வந்தால் எண்பது மீட்டர். ஒரு நாளைக்கு நூறு தடவை. வருடத்துக்கு முந்நூறு நாள். முப்பத்தொரு வருடம். பேப்பர்காரரும் நானும் இரண்டு பக்கம் பெருக்கிப் பார்த்ததில் எழுபத்து நாலாயிரத்து நானூறு கிலோமீட்டர் வந்தது. மகள் ஊருக்கு ஒன்பது முறை போகிற தூரம்!

"ஒன்பது ஒத்தப்படை அண்ணே" என்றார் பேப்பர்காரர். "போயிட்டு வந்து, போயிட்டு வந்து, கடைசியா போனதுக்குத் திரும்பி வரல. கணக்குப்படி நீங்க இப்ப அங்கதான் இருக்கணும்."

மார்ச் 11, புதன்

தாளை மறுபடி படித்தேன். புறப்படும் நேரம் காலை 9.10. சேரும் நேரம் பிற்பகல் 2.10. அதே தேதி.

விரல் விட்டு எண்ணினேன். இன்னொரு கை விரலையும் விட்டு எண்ணினேன்.

ஐந்து மணி நேரம்.

மார்ச் 12, வியாழன்

ஐந்தே மணி நேரம்! இதற்கா அந்த ஆர்ப்பாட்டம்? அக்டோபரில் போய் இறங்கினதும் வீட்டுக்காரி போனில் என்ன சொன்னாள்? "பத்து மணி நேரம் உட்கார்ந்தே வந்தேங்க. கால் வீங்கி செருப்புக்குள்ள போகல." கடுகைப் பூசணிக்காய் ஆக்குகிறவள்தான், தெரியும். ஆனால் ஐந்தைப் பத்தாக்குவாள் என்று நினைக்கவில்லை.

அவளாவது போகட்டும். பாப்பா? நான்கு வருடமாக இந்தப் பக்கம் வரவில்லை. கேட்டால் "வரணும்னுதான் இருக்குப்பா. ரொம்பத் தூரம், முழுசா ஒரு நாள் போயிடுது" என்பாள். ஐந்து மணி நேரமா முழு நாள்? என் தங்கை வீட்டுக்குப் பஸ்ஸில் போக ஆறு மணி நேரம் ஆகும், நடுவில் டயர் வெடித்தால் ஏழு. அவளை நான் வருடத்துக்கு மூன்று முறை பார்க்கிறேனே!

கேட்கவும் முடியாது. "உங்களுக்கு யாரு படிச்சுச் சொன்னது?" என்று வீட்டுக்காரி பிடித்துவிடுவாள். திருடனுக்குத் தேள் கொட்டின கதை.

மார்ச் 13, வெள்ளி

பேப்பர்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் நம்பவில்லை. விமானம் மணிக்கு எண்ணூற்று ஐம்பது கிலோமீட்டர் போகும் என்று ஒரு பழைய பேப்பரில் படித்திருக்கிறாராம். வகுத்துப் பார்த்தார். "ஒன்பதரைக்கு மேல வருது அண்ணே. அஞ்சு மணி நேரத்துல போனா அது விமானமா, துப்பாக்கிக் குண்டா?"

"உங்க பேப்பர் எந்த வருஷத்துப் பேப்பர்? இப்ப வேகம் கூடியிருக்கும்."

திரும்பி வருகிற டிக்கெட்டையும் காட்டினேன். அங்கே மாலை 4 மணிக்குக் கிளம்பி இங்கே மறுநாள் காலை 6 மணி. பதினான்கு மணி நேரம்! போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம் போலிருக்கிறது என்றேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

வழியில் மணி மாறுகிறதோ என்றும் யோசித்தேன். அங்கே சூரியன் தாமதமாக வருகிறது என்பது எனக்கும் தெரியும். இங்கே சாயங்காலம் ஆறரைக்கு நான் கூப்பிட்டால் அவர்கள் மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அது சூரியனின் சோம்பல், அதைப் பார்த்து மனிதர்களும் சோம்பல். ஆனால் கடிகாரம் கடிகாரம்தானே? தினமும் இரவு வீட்டுக்காரி கூப்பிட்டு, "மணி எட்டே கால் ஆச்சு, மாத்திரை போட்டீங்களா?" என்கிறாள். நிமிர்ந்து பார்த்தால் என் சுவரிலும் சரியாக எட்டே கால். ஒரு நாளும் ஒரு நிமிடம் தப்பியதில்லை. அங்கேயும் எட்டே கால், இங்கேயும் எட்டே கால். அப்புறம் எங்கே மாறுகிறது மணி?

மார்ச் 14, சனி

சொல்லிவிட்டேன். எட்டே காலுக்குக் கூப்பிட்டாள். பாப்பாவைக் கொடு என்றேன்.

"நான் வரலம்மா."

"என்னப்பா திடீர்னு?"

"முழங்கால்."

"அதுக்குத்தானே சக்கர நாற்காலி..."

"அந்தப் பேச்சே எடுக்காத. ரொம்பத் தூரம். முழுசா ஒரு நாள் போயிடும்" என்று அவள் வார்த்தையையே அவளுக்குத் திருப்பிக் கொடுத்தேன். அவளுக்குப் புரியவில்லை. அழுகிற மாதிரி ஆகிவிட்டாள். வீட்டுக்காரி போனைப் பிடுங்கினாள்.

"மணி எட்டு இருபத்தஞ்சு ஆகுது. வெறும் வயித்துல மாத்திரை போட்டா இப்படித்தான் பேச்சு வரும். சாப்பிட்டுத் தூங்குங்க. திங்கக்கிழமை பேசிக்கலாம்."

ஜெயித்த மாதிரி இருக்க வேண்டும். இல்லை. பேத்தி பின்னால் ஏதோ கத்திக்கொண்டிருந்தாள்.

மார்ச் 15, ஞாயிறு

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை. எழுதப் பிடிக்கவில்லை என்பதை எழுதத் தெரிகிறதே, அதுவும் நல்லதுதான்.

மார்ச் 16, திங்கள்

போனை எடுக்கவில்லை. இரண்டு முறை அடித்து நின்றது. நாளைக்குப் போய் டிக்கெட்டை ரத்து செய்துவிடப் போகிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை எல்லாம் எழுத எத்தனை மணி நேரம் ஆனாலும் எழுதுவேன்.

ரத்து செய்வதற்காக டிக்கெட் கடைக்குப் போனேன். கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார், இரண்டு மணிக்குத்தான் வருவாராம். எதிரே என் ஓட்டல். வெயிலில் ஏன் நிற்க வேண்டும் என்று உள்ளே போனேன். வாசலில் மீசை. என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர், இன்னும் கதவு திறந்துகொண்டு நிற்கிறார்.

"என்னய்யா லிஃப்ட்டு! வழி தவறி வந்துட்டியா? இங்க எல்லாம் தரைதான், மேல போற பட்டன் கிடையாது" என்று கட்டிக்கொண்டார். லாபி சோபாவில் உட்கார வைத்தார். முப்பத்தொரு வருடத்தில் அந்த சோபாவில் நான் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

எதிர்ச் சுவரில் அந்த நாலு கடிகாரமும் அப்படியே இருந்தன. ஒன்று சரியாக ஓடும். மற்ற மூன்றும் ஆளுக்கொரு நேரம் காட்டும். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அப்படித்தான். இவ்வளவு பெரிய ஓட்டல், மூன்று கடிகாரத்தைப் பழுது பார்க்க வக்கில்லை என்று நினைப்பேன். ஐந்தாவது வருடமோ ஆறாவது வருடமோ, மானம் போகிறதே என்று நானே ஒரு காலையில் ஏணி போட்டு ஏறி மூன்றையும் சரி செய்து வைத்தேன். பாராட்டுவார்கள் என்று காத்திருந்தேன். மேனேஜர் வந்து வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "கீழ எழுதியிருக்கிறதப் படிக்க மாட்டியா?" என்று கத்தினார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருக்கலாம். கேட்டால் படிக்கத் தெரியாது என்பது தெரிந்துவிடும். அதனால் தலையைக் குனிந்துகொண்டு லிஃப்ட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இன்றைக்குச் சும்மா உட்கார்ந்திருந்தேன். கண் தானாகக் கீழே போயிற்று. ஒவ்வொரு கடிகாரத்துக்கும் அடியில் பித்தளை எழுத்து. அந்த இருபத்தாறிலிருந்து எடுத்த எழுத்துகள். முதலாவதைக் கூட்டினேன், நம் ஊர். இரண்டாவது ஏதோ ஓர் ஊர். மூன்றாவதைக் கூட்டினேன். நிறுத்தினேன். பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன்.

என் மகளின் ஊர்.

நம் ஊரில் மணி ஒன்று பத்து. அவள் ஊரில் எட்டு பத்து. விரல் விட்டு எண்ணினேன். ஐந்து. டிக்கெட்டின் ஐந்தோடு இந்த ஐந்தைக் கூட்டினேன். பத்து!

தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஊதா முத்திரைக்கு அடியில் மங்கலாக ஒரு ஒன்று, ஒரு சைபர்.

மாடிக்கு மாடி எண் மாறுகிற மாதிரி ஊருக்கு ஊர் மணி மாறுகிறது. முப்பத்தொரு வருடம் எதிரேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது பதில். என் மகள் பிறக்கும் முன்பே அவள் போகப் போகிற ஊரின் நேரத்தை எனக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதைத்தான் திருத்தப் போனேன்!

சிரித்தேன். சோபா குலுங்கியது. மீசை ஓடி வந்தார்.

"என்னய்யா ஆச்சு?"

"அந்தக் கடிகாரத்தையெல்லாம் நான் திருத்தி வச்சேனே, ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? ஏழாம் மாடியில ஒரு வெளியூர்க்காரன், நீ வச்ச மணியப் பார்த்துட்டு வீட்டுக்குப் போன் போட்டான். நடுத்தூக்கத்துல எழுப்புனதுக்குப் பொண்டாட்டிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டான். அவனுக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தே மேனேஜருக்குப் பாதி முடி போச்சு."

இரண்டு மணிக்குக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கேட்டார், "என்ன பெரியவரே, ரத்து பண்ணணும்னு சொல்லிட்டுப் போனீங்களாமே?"

"ஆமா. சக்கர நாற்காலிய ரத்து பண்ணுங்க."

மார்ச் 18, புதன்

எட்டே காலுக்கு நானே போனை எடுத்து, வருகிறேன் என்றேன். காரணம் சொல்லவில்லை. "நான்தான் சொன்னேனே, சாப்பிட்டா சரியாயிடும்னு" என்றாள் வீட்டுக்காரி. பாப்பாவிடம், "நாலு வருஷம் நீ வரலைன்னு மனசுல ஒரு கோபம் இருந்துச்சும்மா, போயிடுச்சு" என்றேன். "எப்படிப்பா போச்சு?" என்றாள். "லாபி வழியா" என்றேன். குழம்பட்டும்.

ஒன்று மட்டும் இன்னும் விளங்கவில்லை. அங்கே மணி வேறு என்றால், வீட்டுக்காரிக்கு என் எட்டே கால் எப்படித் தெரிகிறது? மனக்கணக்கா? மளிகைக் கடையில் பாக்கிச் சில்லறை எண்ணவே என்னைக் கூப்பிடுகிறவள் அவள்.

மார்ச் 20, வெள்ளி

வகுப்பில் தோல்வியை ஒப்புக்கொண்டேன். பேப்பர்காரர் எழுந்து நின்று எல்லோருக்கும் கும்பிடு போட்டார். திரும்பி வரும் பதினான்கிலும் ஐந்தைக் கழித்தால் ஒன்பது. அந்த ஒரு மணி நேரம் எங்கே போயிற்று என்று கேட்டேன். காற்று முதுகில் தள்ளும் என்றார் டீச்சர். இறக்கம் என்று நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, பாருங்கள்.

டீச்சர் அட்டைகளில் ஏர்போர்ட் போர்டுகளை எழுதி வந்து என்னைப் படிக்க வைத்தார். புறப்பாடு. வருகை. வெளியே செல்லும் வழி. கழிப்பறை. "கடைசியா உள்ளத மொதல்ல படிச்சுக்கோங்க அண்ணே. அவசரத்துக்கு எழுத்துக் கூட்ட நேரம் இருக்காது" என்றார் பேப்பர்காரர்.

மார்ச் 26, வியாழன்

விமானத்துக்குள் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது. என் தப்பு இல்லை.

எல்லாப் போர்டையும் படித்தேன். வேண்டாத போர்டையும் விடவில்லை. "ஈரத் தரை, கவனம்" என்பதை இரண்டு முறை படித்தேன். பின்னால் வந்தவர், "ஐயா, வழி தெரியலையா?" என்றார். "தெரியுது, அதான் நிக்கிறேன்" என்றேன்.

முன் சீட்டின் முதுகில் ஒரு திரை. எவ்வளவு தூரம் வந்தோம், எவ்வளவு பாக்கி, எத்தனை உயரம் என்று காட்டிக்கொண்டே இருக்கிறது. உயரம் பதினோராயிரம் மீட்டர். கணக்குப் போட்டால் மூவாயிரத்து முந்நூறு மாடி. நடுவில் ஒரு மாடியிலும் கதவு திறக்கவில்லை. இப்படி ஒரு லிஃப்ட் எனக்கு வாய்க்கவில்லையே!

பக்கத்து சீட்டு அம்மாள் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு திணறினார். "கண்ணாடியப் பெட்டியில வச்சுட்டேன். இந்த இடத்துல என்ன கேக்குறாங்கன்னு பார்த்துச் சொல்றீங்களா?" என்னைக் கேட்டார். என்னை! மெதுவாகக் கூட்டிப் படித்தேன். பிறந்த தேதி. அவர் எழுதிக்கொண்டார். "நிதானமா, தெளிவாப் படிக்கிறீங்க. வாத்தியாரா இருந்தீங்களா?" என்றார். இல்லை, நிறையப் பேரை உயர்த்திவிடுகிற வேலைதான் என்று சொல்லி வைத்தேன்.

எட்டாவது மணி. கால் வீங்கிவிட்டது. செருப்புக்குள் போகவில்லை. வீட்டுக்காரியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

கைக்கடிகாரத்தைத் திருப்பி வைக்கச் சொல்லி ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நான் தொடவில்லை. ஒரு முறை பட்டது போதும்.

மார்ச் 27, வெள்ளி

நேற்று வெளியே வந்தபோது, கம்பித் தடுப்புக்குப் பின்னால் வீட்டுக்காரியும் பாப்பாவும் நின்றார்கள். பேத்தி பாப்பாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். இருவரும் வருகிற சக்கர நாற்காலிகளை மட்டும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்திலேயே நின்றேன். வீட்டுக்காரி திரும்பாமலேயே சொன்னாள்:

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது. எங்க வீட்டுக்காரர் வர்றாரு."

"நடக்க மாட்டாரா?" என்றேன்.

"நடப்பாரு. வழிதான் தெரி..." திரும்பினாள். அப்புறம் அடித்த அடியில் என் தோள் இன்னும் வலிக்கிறது.

எப்படி வந்தீர்கள் என்று வழியெல்லாம் கேட்டார்கள். கூட்டத்தோடு வந்தேன் என்றேன். படிப்பு விஷயத்தைச் சொல்லவில்லை. இன்றைக்கு ஏதாவது நல்ல புத்தகமாகப் பார்த்து எடுத்து, கூடத்தில் எல்லோர் முன்னாலும் வாசிப்பதாகத் திட்டம்.

பேத்திக்கு என் மூக்கேதான். பாவம்.

மார்ச் 28, சனி

திட்டம் மாறிவிட்டது.

நேற்று மதியம் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். சுவரில் இரண்டு கடிகாரம். ஒன்று இந்த ஊர் மணி. இன்னொன்று ஐந்து மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. பால் அட்டையின் அளவுகூட இல்லாத ஒரு துண்டுத் தாளை அதன் கீழே வீட்டுக்காரி ஒட்டியிருந்தாள். நான் ஒரு நாளும் படிக்கப் போவதில்லை என்று நினைத்து எழுதியது. மூன்றே எழுத்து.

அவர்.

மூன்று எழுத்தைக் கூட்ட எனக்கு அவ்வளவு நேரம் ஆனதே இல்லை.

இன்று காலை அவள் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். நான் ஸ்டூல் போட்டு ஏறினேன். அந்தக் கடிகாரத்தை இறக்கி, ஐந்து மணி நேரம் பின்னால் திருப்பி, மறுபடி மாட்டினேன். இறங்கி உட்கார்ந்து டீ குடித்தேன்.

வந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "இதை யாரு தொட்டது? ஏங்க, உங்களுக்கு அந்தக் கடிகாரப் பைத்தியம் இன்னும் விடலையா?"

"கீழ எழுதியிருக்கிறதப் படிச்சேன்" என்றேன். "அவரு இங்க வந்துட்டாரு. அவரு மணி இப்ப இதுதான்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் பார்க்கவில்லை. பாப்பாதான் ஓடி வந்து அடுப்பை அணைத்தாள்.

வெகு நேரம் கழித்து வீட்டுக்காரி உள்ளே போனாள். ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் கொட்டினாள். பருப்புப் பொட்டலம், குழந்தை பவுடர், மருந்துச் சீட்டு, சோப்பு உறை. "இதைப் படிங்க" என்றாள். படித்தேன். "இது?" படித்தேன். "இதைப் படிங்க பார்ப்போம், இது கஷ்டம்" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒவ்வொன்றாக நீட்டினாள். காலை பத்து மணியிலிருந்து மதியம் வரை அந்த வீட்டில் இருந்த எல்லா எழுத்தையும் படித்து முடித்தேன். புத்தகம் ஒன்றும் தேவைப்படவில்லை.

"ரெண்டும் ஒரே மணிதானே காட்டுது, ஒண்ணைக் கழட்டிடலாமாம்மா?" என்றாள் பாப்பா.

"இருக்கட்டும்" என்றாள் வீட்டுக்காரி.

இரண்டுக்கும் ஒரு நிமிடம் வித்தியாசம் இருக்கிறது. நான் தொடமாட்டேன்.